நான் கெடுத்த மயிலாடி மானிட்டர்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேரிடமும் வந்து ஏதாவது பேச வேண்டும் என்று முதலாளி போன வாரம் கேட்டார். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கடையை விட்டு வந்து இரண்டு வருஷமாகிறது. முழங்கால் வலி வந்ததால் நின்றேனே தவிர, வேலை சலித்துப்போய் நிற்கவில்லை.

மதர்போர்டு, பவர் சப்ளை பற்றியெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் எழுதப் போவது கடையில் யாரும் விரும்பி எடுக்காத ஒரு வேலையைப் பற்றி. வீடு தேடிப் போய் மானிட்டர் திரையில் விழுந்த கீறலைப் பார்ப்பது. போன் வந்தால் ஆளாளுக்கு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். "ரோஸ்லின் அக்கா போவாங்க" என்று கடைசியில் என் தலையில் வந்து விழும். வீட்டில் பெண்கள் தனியாக இருப்பார்கள், பெண் போனால் நல்லது என்று அதற்கு ஒரு காரணமும் சொல்வார்கள். உண்மையான காரணம் எனக்குத் தெரியும். அந்த வேலையில் பேர் வாங்க முடியாது. கீறல் போகாது, போனாலும் முழுசாகப் போகாது, வீட்டுக்காரர்களுக்கும் திருப்தி வராது.

நாம் போவதற்கு முன்பே அவர்கள் கைவைத்தியம் முடித்திருப்பார்கள். பல் தேய்க்கிற பேஸ்ட் போட்டவர் உண்டு. தேங்காய் எண்ணெய் தடவியவர் உண்டு. கோட்டாறில் ஒரு வாத்தியார் பென்சில் ரப்பரை வைத்து அரை நாள் தேய்த்திருந்தார். அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்தேன் என்று வெட்கத்தோடு சொல்கிறேன். ஏனென்றால் அவர் ரப்பரால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நான், இருபது வருஷம் வேலை தெரிந்தவள், மயிலாடியில் செய்தது அதைவிட மோசம்.

மயிலாடியில் தங்கலெட்சுமி என்று ஒருத்தி. வீட்டிலிருந்தே தையல் வேலை செய்பவள். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். எட்டு வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டது. ஆனால் அதற்குள் பேச்சு வந்துவிட்டிருந்ததால் பேசுவாள். ஏற்ற இறக்கம் இல்லாத குரல், தன் சத்தம் தனக்கே கேட்காததால் கொஞ்சம் உரக்கவே பேசுவாள். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்து என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்வாள். அவள் வீட்டுக்காரர் சுயம்பு, சிலை செதுக்குகிறவர். அந்தச் சமயம் மொரிஷியஸில் ஒரு கோயில் வேலைக்குப் போய் ஐந்து மாதமாகியிருந்தது.

அவர்கள் மகள் கோயம்புத்தூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் காலையில் கடைக்குப் போன் செய்தாள். வீட்டு மானிட்டரில் கீறல், அம்மாவுக்குச் சரியாகத் தெரியவில்லை, இன்றைக்கு நாலு மணிக்குள் எப்படியாவது சரிசெய்து கொடுக்க வேண்டும் என்றாள். நாளைக்கு வந்தால் ஆகாதா என்று கேட்டேன். "அப்பா நாலு மணிக்கு வீடியோல வருவாங்க அக்கா. அப்பாவுக்கு அடிபட்டிருக்கு" என்றாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு அஞ்சுகிராமம் பஸ்ஸில் ஏறினேன்.

போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு தாண்டியிருந்தது. வீட்டை ஒட்டியே சுயம்புவின் பட்டறை. அவர் தம்பி அங்கே இரண்டு ஆட்களோடு கிரைண்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். கல் அறுக்கிற சத்தத்தில் எனக்கு என் குரலே கேட்கவில்லை. தங்கலெட்சுமி வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கடைல இருந்து வாறியளா?" என்றாள். தலையாட்டினேன். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

பெரிய மானிட்டர். கோயில் வரைபடம் போட்டுப் பார்க்க சுயம்பு வாங்கியது. அவர் போன பிறகு அது அவர் முகத்தைப் பார்க்க மட்டும்தான். போனில் பார்த்தால் உதடு சின்னதாகத் தெரியும், பாதிச் சொல் பிடிபடாது என்றாள். இதில் ஆள் எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்குமாம்.

நான் ஜன்னலைச் சாத்திவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். திரையின் ஓரங்களில் ஒரு கீறல்கூட இல்லை. நடுவில் மட்டும், ஒரு ஆள் முகம் அளவுக்கு, மெல்லிய வட்ட வட்டமான கோடுகள். பாத்திரம் விளக்கினால் விழுமே, அதுபோல.

அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும், ஏன் இங்கே மட்டும் என்று. கேட்கவில்லை. நேரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது. அந்தத் தெருவில் எல்லாவற்றின் மேலும் கல்தூசி படியும். தினமும் நாலு மணிக்கு முன்னால் அவள் ஒரு வெட்டுத்துணியை எடுத்து, புருஷன் முகம் வருகிற இடத்தை மட்டும் நன்றாக அழுத்தித் துடைத்துவிட்டு உட்காருவாள். தூசி என்று நாம் சொல்கிறோம். அது பொடியாகிப்போன கருங்கல். ஐந்து மாதமாக அவர் முகத்தைப் பளிச்சென்று பார்க்கத்தான் அவள் அந்தத் திரையை அறுத்திருக்கிறாள்.

முதலில் சரியாகத்தான் செய்தேன். தூசியை ஊதித் தட்டி, ஈரத்துணியால் அழுத்தாமல் ஒற்றி எடுத்தேன். பாதிக் கோடுகள் கோடே இல்லை, அழுக்கு. போய்விட்டன. திரையைப் போட்டுக் காட்டினேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "கொள்ளாம், கொள்ளாம்" என்றாள்.

அந்த இடத்தில் நான் கையை எடுத்திருக்க வேண்டும். பிள்ளைகளே, இதை மட்டுமாவது என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். போதும் என்று அவர்கள் சொன்ன பிறகு நாம் செய்வது அவர்களுக்காகச் செய்வதில்லை. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது, இன்னும் மலரட்டும் என்று. பையில் பாலிஷ் பேஸ்ட் இருந்தது. பழைய கண்ணாடி மானிட்டர்களில் அதை வைத்து எத்தனையோ கீறலைத் தேய்த்து எடுத்திருக்கிறேன். இது கண்ணாடி இல்லை, மேலே கண் கூசாமல் இருப்பதற்காக ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது, அதைத் தேய்க்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், லேசாகத் தேய்த்தால் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். ஓரத்தில் ஒரு இடத்தில் தேய்த்துப் பார்க்கக்கூட இல்லை. நேராக நடுவில் வைத்தேன்.

ஈரம் இருந்தவரை கீறலே இல்லாததுபோல இருந்தது. எனக்குப் பெருமை. ஈரம் காயக் காய, புகை படிந்ததுபோல ஒரு வெள்ளைத் திட்டு எழுந்து வந்தது. அரைத் தேங்காய் அகலத்துக்கு. திரையைப் போட்டால் அந்தத் திட்டுக்குள் எல்லாம் கலங்கி, ஓரத்தில் வானவில் நிறம் மினுங்கியது. மறுபடியும் ஈரத்துணி வைத்தேன். நனைந்தபோது சரியானது, காய்ந்ததும் திரும்ப வந்தது. மூன்று தடவை அப்படிச் செய்தேன். சுவரில் மணி மூன்றே கால்.

கடைக்குப் போன் போட்டேன். "கழத்திக் கொண்டு வாங்க, நாளைக்குப் பாப்போம்" என்றார்கள். போனை வைத்துவிட்டு, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பைக்குள் குனிந்து எதையோ தேடுவதுபோலப் பேச ஆரம்பித்தேன். பேனல் பழசும்மா, பூச்சு ஏற்கெனவே விட்டுப்போயிருக்கு, துடைச்சதும் உரிஞ்சு வருது, இப்படித்தான் ஆகும். காது கேட்காதவளிடம் முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிறேன் என்ற உணர்வே எனக்கு இல்லை. இல்லை, கொஞ்சம் இருந்திருக்கலாம். அதனால்தான் முதுகைக் காட்டினேனோ என்னவோ.

அவள் என் தோளைத் தட்டினாள். திரும்பினேன்.

"பைக்குள்ள பாத்துச் சொன்னா எனக்கு எப்பிடித் தெரியும்? என்னப் பாத்துச் சொல்லுங்க."

அவள் கண் என் வாயில் இருந்தது. நாம் பேசும்போது யாரும் நம் வாயை அப்படிப் பார்ப்பதில்லை. பேனல், பூச்சு என்று நான் தயாராக வைத்திருந்த சொற்கள் ஒன்றும் வரவில்லை.

"நான் கெடுத்துட்டேன்" என்றேன். "தேச்சிருக்கக் கூடாது. தேச்சுக் கெடுத்துட்டேன்."

அவள் திட்டைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நடுவுல மட்டுந்தான?" என்று கேட்டாள்.

"ஆமா."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மவுஸைப் பிடித்து, திரையில் வீடியோ வருகிற ஜன்னலைச் சின்னதாக்கி இடதுபக்க ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே திரை புதுசுபோல இருந்தது.

"அவர இங்க கொண்டு வச்சாப் போராதா?" என்றாள்.

வந்ததும் ஒரு நிமிஷத்தில் நான் செய்துகொடுத்துவிட்டு, ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்பியிருக்க வேண்டிய வேலை. நான் கீறலைப் பார்த்தேன். இந்தத் திரையில் இவள் எதைப் பார்க்கிறாள் என்று நான் பார்க்கவே இல்லை.

அவளுக்குச் சந்தேகம் தீரவில்லை. இடம் சின்னதாகிவிட்டதே, உதடு பிடிபடுமா என்று. என்னை வெளியே போய்ப் போனில் வீடியோ கால் போட்டுப் பேசச் சொன்னாள். பட்டறையில் தலை மட்டும் செதுக்கி முடித்த ஒரு நந்திக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போனைப் பிடித்தேன். "என் பேரு ரோஸ்லின். நான் உங்க மானிட்டரக் கெடுத்தவ" என்றேன். கிரைண்டர் சத்தத்தையும் தாண்டி உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "தெரியுது, தெரியுது." சுயம்புவின் தம்பி இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நாலு மணிக்குக் கிளம்பலாம் என்று பையை எடுத்தேன். அவள் விடவில்லை. சில நேரம் படம் நின்று நின்று வரும், அப்போது சொல் விட்டுப்போகும், நீங்கள் பக்கத்திலிருந்து கேட்டுச் சொல்லுங்கள் என்றாள். கல்சில்லு சுயம்புவின் கண்ணில் தெறித்தது, சின்னக் காயம்தான் என்று அவர் தம்பி சொல்லியிருந்தாராம். அவள் நம்பவில்லை. "அவரு வாயால சொன்னாத்தான் எனக்குத் தெரியும்" என்றாள். அவள் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

சுயம்பு வந்தார். ஆஸ்பத்திரிக் கட்டில், பின்னால் பச்சை நிறத் திரை. வலது கண்ணில் பெரிய கட்டு. முகம் மழமழவென்று இருந்தது. மயிலாடியில் மீசை இல்லாத ஆசாரியை நான் அதிகம் பார்த்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்தே அவர் மீசை வைப்பதில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். மேல் உதட்டை மீசை மறைத்தால் அவளுக்குச் சில சொல் தெரியாது.

"சாப்பிட்டியா?" என்றார்.

"சாப்பிட்டேன். நீங்க?"

"நாளைக்கு ஆப்பரேசன். ராத்திரிக்கு மேல ஒண்ணும் தின்னக் கூடாதுண்ணு சொல்லியிருக்காங்க. இப்பம் கஞ்சி குடிச்சேன்."

ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, நேராகக் கேமராவைப் பார்த்துச் சொன்னார். தையல் எப்படிப் போகிறது, மகள் கூப்பிட்டாளா, மழை உண்டா என்று கேட்டார். இவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து யாரென்று கேட்டார். "கம்ப்யூட்டர் பாக்க வந்த அக்கா" என்றாள்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகம் துடைப்பதுபோல வாயை மறைத்துக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"அக்கா, ஒங்களுக்குக் கேக்கும்லா. இந்தக் கண்ணுல இனிப் பார்வை வராதுண்ணு டாக்டர் சொல்லிட்டாரு. நாளைக்கு உள்ள கெடக்க சில்ல எடுக்கது மட்டுந்தான். அவகிட்டச் சின்னக் காயம்ணு சொல்லிருங்க. ஊருக்கு வந்து நான் சொல்லிக்கிடுதேன்."

துண்டை எடுத்தார். சிரித்தார்.

தங்கலெட்சுமி என் பக்கம் திரும்பினாள். "என்ன சொன்னாரு? துண்ட வச்சு மறச்சாரே. என்ன சொன்னாரு அக்கா?"

பிள்ளைகளே, வேலைக்கு என்று நாம் ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் வேலையோடு மட்டும் திரும்பி வர முடிகிறதா? யாருடைய குடும்பம், யாருடைய கண். ஒரு பொய் சொல்லிவிட்டு ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். அவரும் அன்பினால்தான் சொல்கிறார். நாளைக்கு அவருக்கு ஆப்பரேஷன், மனசு கலங்கக் கூடாது. இதெல்லாம் எனக்கு அந்த நேரத்தில் ஓடியது. ஆனால் என் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்த அந்த முகம். ஒரு மணி நேரத்துக்கு முன்பு நான் அவளுக்கு முதுகைக் காட்டியிருந்தேன். இப்போது அவர் துண்டால் மூடுகிறார். எல்லோரும் அவள் நல்லதுக்காகவே வாயை மறைத்தால் அவள் எதைத்தான் பார்ப்பாள்.

இரண்டு பேருக்கும் என் முகம் தெரிகிறதுபோலத் திரும்பி உட்கார்ந்து சொன்னேன். "அண்ணாச்சி, அத நான் சொல்ல மாட்டேன். சின்னக் காயம்ணும் சொல்ல மாட்டேன். நீங்க அவளப் பாத்துச் சொல்லுங்க."

அவர் தலை குனிந்துகொண்டார். அதிகப்பிரசங்கித்தனம் செய்துவிட்டேனோ என்று எனக்குத் தோன்றியது. தங்கலெட்சுமி அவர் நிமிரும்வரை காத்திருந்தாள். நிமிர்ந்து, துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னார். கண்ணு போச்சு. இனித் தெரியாது.

"ரெண்டுமா?" என்றாள்.

"இல்ல. ஒண்ணு."

"கண்ணாடி போட்டுக்கிட்டு வேல செய்யணும்ணு சொன்னேன்லா."

"போட்டேன். வேர்த்துச்சு. கழத்துனேன்."

"கழத்துனிய."

"கழத்துனேன்."

அவள் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அழவில்லை. கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், தோளை உயர்த்தி ரவிக்கைக் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு முதலில் புரியவில்லை. சுயம்புவுக்குப் புரிந்தது. கண் கலங்கினால் அவளுக்கு அவர் பேசுவது தெரியாது. அழுதால் அவரை விட்டுவிட வேண்டியிருக்கும்.

"நீ அழு" என்றார். "அழுது முடி. அதுவரைக்கும் நான் ஒண்ணும் பேச மாட்டேன்."

வாயை மூடிக்கொண்டு, அப்படியே உட்கார்ந்திருந்தார். அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவள் தலை நிமிர்ந்து பார்த்தபோதும் அவர் பேசாமல் அங்கேயே இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "செரி. இப்பம் பேசுங்க."

கடைக்குத் திரும்பி முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். கெடுத்ததைச் சொன்னேன், மற்றதைச் சொல்லவில்லை. அவர் இரண்டு நிமிஷம் கத்தினார், பிறகு குடோனிலிருந்து அதே அளவில் வேறொரு மானிட்டரை எடுத்துக் கொடுத்தார். மறுநாள் காலையிலேயே கொண்டுபோய் மாட்டினேன். மைக்ரோபைபர் துணி நாலு எடுத்துக்கொண்டு போனேன். முதலில் தூசியை ஊதணும், அப்புறம் ஈரத்துணி, அழுத்தக் கூடாது, காய்ந்த துணி வேண்டவே வேண்டாம் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அன்றைக்கு ஆப்பரேஷன் முடிந்து அவர் நர்ஸின் போனிலிருந்து வந்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாளாம். இரண்டு மாதம் கழித்து ஊருக்கு வந்துவிட்டார். முகம் செதுக்குகிற வேலையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, அளவு பார்ப்பதும் வரைவதும் இவர் என்று வைத்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் கை வேறு இடத்தில் படும், தூரம் தெரியாது என்று சொன்னார். பழகிப்போச்சு என்று பிறகு சொன்னார். நிஜமாகவே பழகியதா, எனக்காகச் சொன்னாரா, தெரியாது.

நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. இன்னொரு வீடு, இன்னொரு ஆள் என்றால் வேறு மாதிரி செய்திருப்பேனோ என்னவோ. கெடுத்ததை முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. சொல்லாமல் விட்டால், அதற்குப் பிறகு அந்த வீட்டில் நாம் சொல்கிற எதற்கும் எடை இருக்காது. துடைக்கிற முறை உட்பட.

போன வருஷம் அவர்கள் மகள் கல்யாணம். நாகர்கோவிலில் ஒரு மண்டபம், நல்ல கூட்டம். சுயம்பு வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கழுத்தைத் திருப்பி இடது கண்ணால் பார்த்து வரவேற்றுக்கொண்டிருந்தார். நான் உள்ளே நுழைந்ததும் தங்கலெட்சுமி பட்டுச்சேலையோடு ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்த வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நாதஸ்வரம் அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது. அவளுக்கு அது தெரிய வழியில்லை.

"இவியதான் எங்க மானிட்டரக் கெடுத்த அக்கா" என்று மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னாள். அத்தனை தலையும் திரும்பியது. மாப்பிள்ளையின் அம்மா சட்டென்று எழுந்து கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். முதல் பந்தியில் எனக்கு இலை போட்டு, சாப்பிட்டு முடிக்கிறவரை அவள் என் பக்கத்திலேயே நின்றாள்.